டிசம்பர் 11-ஐ எழுதுவது எப்படி: ‘வரலாற்றில் இன்று’ பலகைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் நாளிதழ் படிக்க வருகிற பெரியவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதை ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள். மேலே ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்பு, கீழே ஐந்தாறு வரி. ஒன்பது ஆண்டாக அதை எழுதி வருகிறேன். அதனால் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்துக்கு எழுதித் தர வேண்டிய ஆசிரியர், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட ஆசைப்படுகிறவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று யாராவது வந்து “எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்பது வழக்கம். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழகுவதற்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 11. பாரதியும் விசுவநாதன் ஆனந்தும் பிறந்த நாள், எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்த நாள். இந்தத் தொழிலில் விழக்கூடிய குழிகள் அத்தனையும் அந்த ஒரு நாளுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் குழியில் விழுந்தது நான்தான். எழுதத் தொடங்கிய ஆண்டு டிசம்பர் 10 அன்று ‘1936: பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு முடிதுறந்தார்’ என்று எழுதினேன். மறுநாள் வேறு ஒரு பட்டியலைப் பார்த்து அதே வரியை மறுபடி எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பலகை முன்னால் நின்று, “ஏம்ப்பா, அந்த ராஜா எத்தனை தடவை இறங்கினார்?” என்று கேட்டார். பதில் தேடப் போனபோதுதான் இந்த வேலை என்னவென்றே புரிந்தது. மன்னர் முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டது டிசம்பர் 10. நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து அது செல்லுபடியானது டிசம்பர் 11. அன்று இரவுதான் வானொலியில் பேசினார். அயர்லாந்து தனக்கென்று தனிச் சட்டம் போட்டதால் அங்கே அது டிசம்பர் 12. தென்னாப்பிரிக்காவோ கையெழுத்திட்ட 10-ஆம் தேதியையே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆக ஒரே ராஜா மூன்று நாள் இறங்கியிருக்கிறார்!

ஒரு தேதியைப் பலகையில் ஏற்றும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதற்கான நாள்? யாருடைய ஊர் நாள்? எந்தக் காலண்டர் நாள்? மற்றதெல்லாம் சில்லறை வேலைதான்.

சேகரிப்பது

இது சுலபம், அரை மணி நேரம் போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம் உண்டு. ஆனால் அங்கே ‘டிசம்பர்’ என்று தேடித் தடுமாற வேண்டாம், ‘திசம்பர் 11’ என்று எழுதியிருப்பார்கள். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள் என்று பிரித்திருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் இன்னும் நீளமான பட்டியல் கிடைக்கும். இரண்டையும் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதுங்கள், ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. நோட்டில் வரிசையாக எழுதினால் பிறகு கலைத்துப் போட முடியாது.

சீட்டில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: ஆண்டு, பெயர், ஊர், வினைச்சொல். கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ‘கியோட்டோ ஒப்பந்தம் 1997’ என்று மட்டும் எழுதி வைத்தால் மறுநாள் நீங்களே ‘நடைமுறைக்கு வந்தது’ என்று சேர்த்துவிடுவீர்கள். 1997 டிசம்பர் 11 அன்று அந்தப் பருவநிலை உடன்படிக்கை ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். நடைமுறைக்கு வந்தது 2005 பிப்ரவரி 16-இல். நடுவில் ஏழு ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

டிசம்பர் 11-க்கு என் சீட்டுக் கட்டு கனமானது. பிறந்தவர்களில் பாரதி (1882, எட்டயபுரம்), ஆனந்த் (1969, மயிலாடுதுறை), பிரணாப் முகர்ஜி (1935, மேற்கு வங்கத்து மிராட்டி), திலீப் குமார் (1922, பெஷாவர்), ஓஷோ (1931), ராபர்ட் கோக் (1843), மேக்ஸ் பார்ன் (1882), விண்மீன்களை வகைப்படுத்திய அன்னி ஜம்ப் கேனன் (1863), எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ் (1911), ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சின் (1918). நிகழ்வுகளில் 1931-இல் பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், 1941-இல் அமெரிக்கா மீது ஜெர்மனி போர் அறிவித்தது, 1946-இல் யுனிசெஃப், 1964-இல் ஐ.நா. பொதுச்சபையில் சே குவேரா பேசியது, 1972-இல் அப்போலோ 17, 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது. 2003 முதல் இது ஐ.நா.வின் பன்னாட்டு மலைகள் நாள். 2022 முதல் பாரதி பிறந்தநாளை இந்திய மொழிகள் நாளாகவும் கொண்டாடுகிறார்கள்.

இத்தனையையும் பலகையில் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அந்தப் பேச்சு பிறகு. முதலில் சரிபார்ப்போம்.

சரிபார்ப்பது: எதற்கான நாள்?

ஒரே செய்தி இரண்டு இணையதளத்தில் இருந்தால் இரண்டு சாட்சி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதாக இருக்கும். சாட்சி வேறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நோபல் பெற்றவர் என்றால் நோபல் அமைப்பின் தளத்திலேயே பிறந்த தேதியும் ஊரும் இருக்கும். ஐ.நா. விஷயம் என்றால் தீர்மானத்துக்கு எண் உண்டு. 1946 டிசம்பர் 11 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய 57-ஆம் எண் தீர்மானம்தான் யுனிசெஃபை உருவாக்கியது. அதே நாளில் நூரம்பர்க் விசாரணையின் கோட்பாடுகளை ஏற்ற 95-ஆம் தீர்மானமும், இனப்படுகொலை குற்றம் என்று சொன்ன 96-ஆம் தீர்மானமும் நிறைவேறின. எண் கிடைத்துவிட்டால் தேதியைப் பற்றிக் கவலையில்லை.

அதே 1946 டிசம்பர் 11-இல் டெல்லியில் ஒன்று நடந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரும் செய்தி அது. இந்திய அரசியல் சாசனத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபை முதன்முதலில் கூடியது டிசம்பர் 9. அன்று தற்காலிகத் தலைவராக இருந்தவர் சச்சிதானந்த சின்ஹா. ராஜேந்திர பிரசாத் நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இரண்டு நாள் கழித்து, 11-ஆம் தேதி. அம்பேத்கர் வரைவுக் குழுவில் இடம்பெற்றது மறு ஆண்டு, 1947 ஆகஸ்டில். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பி ‘அரசியல் சாசன சபைத் தலைவர் அம்பேத்கர்’ என்று எழுதி அனுப்புகிற ஃபார்வர்டுகள் வாரத்துக்கு ஒன்றாவது எனக்கு வருகின்றன. சபை விவாதங்கள் நாள்வாரியாக அச்சில் உள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்.

சட்டங்களில் இந்தக் குழப்பம் தினசரி வரும். 2019-இன் குடியுரிமைத் திருத்த மசோதா டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 12-ஆம் தேதி. அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 10. மூன்றில் எதை எழுதினாலும் சரிதான், வினைச்சொல் பொருந்தியிருந்தால்.

கிழமையை வைத்தும் ஒரு சோதனை செய்யலாம். டிசம்பர் 11-க்கும் அடுத்து வரும் ஜனவரி 1-க்கும் நடுவே சரியாக 21 நாள், அதாவது மூன்று வாரம். எனவே இரண்டும் எப்போதும் ஒரே கிழமை. 1900 ஜனவரி 1 திங்கள், ஆகவே 1899 டிசம்பர் 11-உம் திங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் 1882 டிசம்பர் 11-உம் திங்கள்தான். யாராவது ‘பாரதி பிறந்த அந்த வெள்ளிக்கிழமை’ என்று உருக ஆரம்பித்தால் அடுத்த வரியையும் சந்தேகப்படுங்கள்.

யாருடைய ஊர் நாள்?

சித்தார் மேதை ரவிசங்கர் மறைந்தது 2012 டிசம்பர் 11, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், மாலை நேரம். அப்போது இந்தியாவில் 12-ஆம் தேதி பொழுது விடிந்துகொண்டிருந்தது. இங்கே நாம் அந்தச் செய்தியைக் கேட்டது 12-ஆம் தேதி. அதனால் இரண்டு தேதியையும் பார்ப்பீர்கள். என் விதி எளிது: நடந்த இடத்தின் உள்ளூர் நேரமே தேதி. ரவிசங்கர் 11-ஆம் தேதிச் சீட்டில்தான் இருப்பார்.

நிலவுக்கு உள்ளூர் நேரம் எது என்று கேட்டால்? அங்கேதான் சிரமம். அப்போலோ 17-இன் இறங்கு கலம் நிலவைத் தொட்டது உலக நேரப்படி 1972 டிசம்பர் 11, இரவு 7.55. அமெரிக்காவில் அது பிற்பகல். இந்தியக் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 1.25, அதாவது 12-ஆம் தேதி. விண்வெளிச் செய்திகளுக்கு உலக நேரத்தையே எடுத்துக்கொண்டு, தேவையானால் இந்திய நேரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். யூஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் அன்று இறங்கியபின் இன்றுவரை வேறு எந்த மனிதக் காலும் நிலவில் படவில்லை. மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு அன்றைக்கு மூன்று வயது நிறைந்தது. இந்த மாதிரி ஒட்டு தானாகக் கிடைக்கும்போது விடாதீர்கள், பலகையில் அதுதான் நிற்கும்.

கடல் கடந்து போக வேண்டியதில்லை, நம் ஊரிலேயே இதே சிக்கல் இருக்கிறது. பாரதி மறைந்தது 1921 செப்டம்பர் 11-ஆ 12-ஆ? உயிர் பிரிந்தது 11-ஆம் தேதி நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு தாண்டினால் மறுநாள். நம் வீடுகளிலோ விடியும்வரை அது முந்தைய நாள் இரவுதான். அதனால்தான் புத்தகங்களில் இரண்டு தேதியும் புழங்குகிறது. தமிழ்நாடு அரசு 2021-இல் செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது. நான் 11-ஆம் தேதிப் பலகையில் எழுதி, ‘நள்ளிரவு கடந்து’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுகிறேன். யாரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

இதோடு வயதையும் பார்த்துவிடுங்கள். பாரதி 39 வயதில் மறைந்தார் என்று பலரும் எழுதுவார்கள். கழித்துப் பாருங்கள்: 1882 டிசம்பர் 11 முதல் 1921 செப்டம்பர் 11 வரை 38 ஆண்டும் 9 மாதமும். முடிந்த வயது 38, நடந்தது 39. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். நூற்றாண்டு விழாவுக்கும் இதே கதை. 99 முடிந்து 100 தொடங்கும் நாளிலேயே தோரணம் கட்டுகிறவர்கள் உண்டு, 100 நிறைந்த பிறகு கட்டுகிறவர்களும் உண்டு. பாரதிக்கு 150 ஆண்டு நிறைவது 2032 டிசம்பர் 11. நான் இருந்தால் அன்று பலகை முழுக்க அவர்தான்.

எந்தக் காலண்டர்?

இருபதாம் நூற்றாண்டுச் செய்திகளுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. பழைய ஐரோப்பியச் செய்தி வந்தால் மட்டும் கையை நிறுத்துங்கள். ஜூலியன் காலண்டரிலிருந்து கிரிகோரியன் காலண்டருக்கு நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் மாறின. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல்தான் மாறின. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14.

டிசம்பர் 11-க்கு இதில் இரண்டு நல்ல உதாரணம் உண்டு. மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களின் தேடுகுழு பிளிமத் கரையில் இறங்கியது பழைய காலண்டரில் 1620 டிசம்பர் 11. புதிய காலண்டரில் 10 நாள் கூட்டி டிசம்பர் 21. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 1769-இல் விழா எடுக்கத் தொடங்கியபோது, 11 நாள் கூட்டி 22 என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். 1600-களில் வித்தியாசம் 10 நாள்தான், 1700-களில்தான் 11 ஆனது. கூட்டல் தப்பினாலும் விழா நிலைத்துவிட்டது. இன்னொன்று ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ். நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் குண்டு பட்டு இறந்தது ஸ்வீடன் கணக்கில் 1718 நவம்பர் 30, புதிய கணக்கில் டிசம்பர் 11. ஸ்வீடன்காரர்கள் நவம்பர் 30-ஐத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், எனவே அந்தச் சீட்டை நான் எடுத்துவிட்டேன். (போகிறபோக்கில்: காலண்டரை மாற்றுகிறோம் என்று இழுபறியில் மாட்டிக்கொண்ட அதே நாட்டில் 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் உண்மையிலேயே வந்தது. அன்று பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள்.)

அரைகுறையாகத் தெரிந்துகொண்டால் எதிர்ப்பக்கத்திலும் வழுக்கும். ரஷ்யர் என்றாலே 13 நாள் கூட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டவர் சோல்ஜெனித்சினை டிசம்பர் 24-க்குத் தள்ளிவிடுவார். ரஷ்யா 1918 பிப்ரவரியிலேயே புதிய காலண்டருக்கு வந்துவிட்டது. அவர் பிறந்தது பத்து மாதம் கழித்து. அவருடைய டிசம்பர் 11 எதையும் கூட்டத் தேவையில்லாத டிசம்பர் 11.

தமிழ்த் தேதியையும் ஓர் ஓரத்தில் போடலாம், பெரியவர்களுக்குப் பிடிக்கும். பாரதி பிறந்தது சித்திரபானு ஆண்டு, கார்த்திகை 27, மூலம். ஆனால் இன்றைய தினசரி காலண்டரில் டிசம்பர் 11-ஐக் கிழித்தால் கார்த்திகை 25 அல்லது 26 என்று இருக்கும். யாரும் தப்பாக எழுதவில்லை. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அறுபது எழுபது ஆண்டில் அது ஒரு நாளாகத் திரண்டுவிடும். ஆண்டுப் பெயரைச் சரிபார்க்க, அறுபது ஆண்டுச் சுற்றில் முதலாவதான பிரபவ எப்போது என்று தெரிந்தால் போதும்: 1867, 1927, 1987. பிரபவவை ஒன்று என்று வைத்து எண்ணினால் பதினாறாவது சித்திரபானு, அது 1882 சித்திரையில் பிறந்த ஆண்டு. கணக்குச் சரி.

ஓர் எச்சரிக்கை. உள்ளூர்ப் பெரியவர்களின் பிறந்தநாளைச் சேர்க்கிறீர்கள் என்றால் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தலைமுறைக்கே பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்டதுதான் பிறந்த தேதி, பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். அவர்களிடமே கேளுங்கள். அனுமதியும் கேளுங்கள்.

தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஐந்து வரிக்கு மேல் எழுதக் கூடாது. காலை வணக்கக் கூட்டத்தில் என்றால் ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் போனால் கடைசி வரிசைப் பிள்ளைகள் கால் மாற்றி நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறப்பு இரண்டு, இறப்பு ஒன்று, நிகழ்வு இரண்டு. எல்லாம் ஒரே ஊரிலிருந்தோ ஒரே துறையிலிருந்தோ வரக் கூடாது. பெண் ஒருவராவது இருக்க வேண்டும். டிசம்பர் 11-க்கு எம்.எஸ். இருப்பதால் கவலையில்லை. மற்ற ஆண்டுகளில் நான் அன்னி ஜம்ப் கேனனையும் ஏற்றியிருக்கிறேன். காது ஏறக்குறைய முழுதாகக் கேட்காத நிலையில், சுமார் 3,50,000 விண்மீன்களை ஒளிப்பட்டையை வைத்து வகைப்படுத்தியவர்.

பிரபலம் என்பதற்காக மட்டும் ஒருவரை ஏற்றாதீர்கள். சொல்ல ஒரு செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். ‘மேக்ஸ் பார்ன், இயற்பியலாளர், பிறந்தார்’ என்றால் பலகையில் சுண்ணக்கட்டிதான் வீண். ஆனால் அவர் பாரதி பிறந்த அதே நாளில், அதே ஆண்டில், இன்று போலந்தில் இருக்கும் விரோட்ஸ்வாஃப் நகரில் பிறந்தவர். அது அப்போது ஜெர்மனியின் பிரெஸ்லாவ். ஹிட்லர் ஆட்சியில் வேலை போய், சி.வி. ராமன் அழைத்து, 1935-36இல் சுமார் ஆறு மாதம் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். 1954-இல் நோபல் வாங்கினார். எட்டயபுரத்துக் குழந்தையும் பிரெஸ்லாவ் குழந்தையும் ஒரே திங்கட்கிழமையில் அழுதிருக்கின்றன. ஒருவர் 38-இல் போய்விட்டார், மற்றவர் 1970 வரை இருந்தார். இதைப் படித்துவிட்டு ஒரு பெண் உள்ளே வந்து பார்னைப் பற்றிய புத்தகம் கேட்டாள். ஆண்டு முழுக்க எழுதியதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

ராபர்ட் கோக்கையும் அப்படி இழுத்து வரலாம். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அவர் அறிவித்தது 1882 மார்ச் 24. அதனால்தான் அந்த நாள் காசநோய் நாள். 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பாரதி, பார்ன், கோக் மூவருமே 1882-ஐச் சுற்றி நிற்கிறார்கள். நகீப் மஹ்ஃபூஸின் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: 1988-இல் நோபல் விழா வழக்கப்படி டிசம்பர் 10. மறுநாள் அவருக்கு 77 வயது. விழாவுக்கு அவர் போகவில்லை, மகள்கள் போய் வாங்கினார்கள்.

கைதுகள், போர் அறிவிப்புகள், தீர்ப்புகள் இவற்றை விலக்க வேண்டாம், ஆனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். காலை எட்டரை மணிக்கு ஐந்து வரியும் சாவாக இருந்தால் யாருக்கும் காபி இறங்காது.

எழுதுவது

உயிரோடு இருப்பவருக்குப் ‘பிறந்தநாள்’. மறைந்தவருக்குப் ‘பிறந்த நாள் நினைவு’ என்றோ ‘இவர் பிறந்தது இந்நாளில்’ என்றோ எழுதுங்கள். மறைந்தவர் படத்தின் கீழே கேக் பொம்மையும் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் ஐயா’வும் போடுகிற பழக்கத்தை வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்காகவே, பட்டியலில் இருப்பவர் இன்னும் இருக்கிறாரா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும். பிரணாப் முகர்ஜி 2020-லும் திலீப் குமார் 2021-லும் போய்விட்டார்கள். பழைய சீட்டை அப்படியே எடுத்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பட்டங்களை அடுக்காதீர்கள். ‘மகாகவி’ என்றால் போதும், அதன் முன்னால் ஐந்து அடைமொழி வேண்டாம். ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனந்த் வளர்ந்தது சென்னை என்பதால் பிறந்ததும் சென்னை என்று எழுதுகிறவர்கள் நிறைய. மயிலாடுதுறைக்காரர்கள் படித்தால் விடமாட்டார்கள். ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’ ஆகிய மூன்று சொல்லும் வரும்போது பேனாவை வைத்துவிட்டு இன்னொரு முறை சரிபாருங்கள். ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் (1988) என்பது உறுதி, எழுதலாம்.

சென்ற ஆண்டு நான் எழுதியது இது:

1882: எட்டயபுரத்தில் மகாகவி பாரதி பிறந்தார். அதே நாளில் ஜெர்மனியில் பிறந்த இயற்பியலாளர் மேக்ஸ் பார்ன், பின்னாளில் பெங்களூருவில் ஆறு மாதம் பணியாற்றினார்.
1946: அரசியல் நிர்ணய சபை தன் தலைவராக ராஜேந்திர பிரசாத்தைத் தேர்ந்தெடுத்தது. அன்றே நியூயார்க்கில் குழந்தைகளுக்கான ஐ.நா. நிதியம் யுனிசெஃப் உருவானது.
1969: இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் விசுவநாதன் ஆனந்த், மயிலாடுதுறையில் பிறந்தார். இன்று அவருக்குப் பிறந்தநாள்.
1972: அப்போலோ 17 நிலவில் இறங்கியது. (நமக்கு அப்போது 12-ஆம் தேதி, அதிகாலை 1.25.) அதன்பின் மனிதர் யாரும் இறங்கவில்லை.
2004: பாரத ரத்னா எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தார். அப்போது சபாக்களில் டிசம்பர் கச்சேரிக் காலம்.

ஐந்து வரி என்று சொல்லிவிட்டு இரண்டில் இரண்டைத் திணித்திருக்கிறேன் என்பது தெரியும். ஒன்பது ஆண்டு எழுதினால் நீங்களும் திணிப்பீர்கள்.

சேமிப்பது

எழுதியதும் பலகையைப் போனில் ஒரு படம் எடுங்கள். யாராவது பிழை சொன்னால் அதே இடத்தில் அடித்துத் திருத்தி, ‘திருத்தம்’ என்று எழுதுங்கள். அழித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருக்க வேண்டாம், சொன்னவர் மறுநாள் வந்து பார்ப்பார். பயன்படுத்தாத சீட்டுகளையும் அந்த நாளின் கவரிலேயே போட்டு வையுங்கள். ஷூ வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றும் 366 கவரும் போதும் (பிப்ரவரி 29-ஐ மறக்காதீர்கள்). கவரின் மேல் ‘அண்டை வீடு’ என்று ஒரு குறிப்பும் எழுதுவேன்: முந்தைய நாளிலும் அடுத்த நாளிலும் இருந்துகொண்டு இங்கே தாவி வருபவை. டிசம்பர் 11 கவரின் மேல் ‘நோபல் விழா 10, மனித உரிமைப் பிரகடனம் 10, ரவிசங்கர் இங்கேதான்’ என்றிருக்கும்.

இப்போது 12-ஆம் தேதிக் கவரை எடுங்கள். 1911 டெல்லி தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறுவதாக அறிவிப்பு, 1950-இல் ரஜினிகாந்த், 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன். ஆனந்தின் பிறந்தநாளுக்கு மறுநாள் அது. ராத்திரியே சீட்டுகளைப் பிரித்து வைத்துவிட்டால், காலையில் சுண்ணக்கட்டியை மட்டும் தேடினால் போதும்.